கைநாட்டு வாங்கிய தாள்கள்: சுரங்க ஊர்களில் நாம் நேரில் கண்டவை

முன்னாள் களப்பணியாளர் ஒருவர்:

சுரங்கத் திட்டங்களில் வேலை பார்த்தவர்கள், பழங்குடி ஊர்களுக்குப் போய் வந்தவர்கள், கண்ணால் கண்டதை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

2013ல் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் இருந்தேன். ஜார்க்கண்டில் ஹோ என்னும் பழங்குடி மக்கள் வாழும் பகுதியில் ஒரு சுரங்கத் திட்டம். வன நிலத்தைச் சுரங்கத்துக்குத் திருப்பிவிட கிராமசபையின் சம்மதம் வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2009 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை விட்டிருந்தது. அந்தச் சம்மதத் தாள் கோப்பில் இருக்கிறதா என்று சரிபார்ப்பது என் வேலை. இருந்தது. மூன்று ஊருக்கு மூன்று தாள். இந்தியில் தட்டச்சு, ஒரே வாசகம், எழுத்துப்பிழைகூட அதே வரியில். கீழே வரிசையாக நீல மையில் கைநாட்டு.

அதில் ஒரு ஊருக்குப் போனேன். ஒரு பெரியவர் தன் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். கொசுவலை தருகிறோம் என்று சொல்லி ரேகை வாங்கிப் போனார்களாம். அவர் பேசியதை எனக்கு இந்தியில் சொன்னவன் ஒரு பள்ளிக்கூடப் பையன். திரும்பி வந்து மேலாளரிடம் சொன்னேன். "தாள் சரியா இருக்கா, அதை மட்டும் பாருப்பா" என்றார். நானும் சரி என்று குறித்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த வருஷம்தான் வேலையை விட்டேன். அந்தப் பெரியவரின் விரல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு உறுப்பினர்:

அண்ணா, மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. ஒழுங்காகக் கேட்டால் என்ன பதில் வரும் என்பதற்கு ஒடிசாவின் நியம்கிரி இருக்கிறது. மலை உச்சியில் பாக்சைட், அதாவது அலுமினியத் தாது. அந்த மலையே அங்குள்ள டோங்ரியா கோந்து பழங்குடி மக்களுக்கு நியம ராஜா, அவர்கள் தெய்வம். உச்சியில் இருக்கும் பாக்சைட் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடைகளுக்குத் தண்ணீர் விடும் என்பார்கள். சாமியும் தண்ணீரும் அங்கே ஒன்றுதான். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், அங்கே சுரங்கம் தோண்டலாமா என்று மக்களையே கேளுங்கள் என்று சொல்லிவிட்டது. ராயகடா, களாஹாண்டி மாவட்டங்களில் 12 ஊர்களில் நீதித்துறை அதிகாரி முன்னிலையில் கிராமசபை கூடியது. 12 ஊரும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசும் அனுமதி மறுத்தது.

கைவேலைத் துணி தேடி அந்த மலையடிவாரத்துச் சாட்டிகோனா ஊரின் புதன்கிழமைச் சந்தைக்கு நான் போனது அதற்குப் பிறகு. மலையிலிருந்து மஞ்சளும் இஞ்சியும் சுமந்து இறங்குவார்கள். மூக்கில் மூன்று வளையம், தலைநிறைய கிளிப் குத்திய ஒரு அம்மாவிடம் மஞ்சள் வாங்கினேன். படம் எடுக்கலாமா என்று கேட்டேன். எதற்கு, யாரிடம் காட்டுவாய் என்று திருப்பிக் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்றார். அவ்வளவுதான், கோபமெல்லாம் இல்லை. ஒரு பிடி மஞ்சள் கூடப் போட்டுக் கொடுத்தார்.

பெர்த்திலிருந்து:

இங்கே மேற்கு ஆஸ்திரேலியாவில் சட்டப்படி அனுமதி இருந்தும் நடந்த கொடுமை ஜூகான் பள்ளத்தாக்கு. 46,000 வருஷத் தடயம் இருந்த பாறைக் குகைகளை 2020 மே மாதம் இரும்புத்தாதுவுக்காக ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனம் வெடி வைத்துத் தகர்த்தது. 2013ல் வாங்கிய அனுமதி கையில் இருந்தது. அனுமதி வாங்கிய அடுத்த வருஷமே, 2014ல், அங்கே நடந்த அகழாய்வில், முடியால் பின்னிய 4,000 வருஷப் பழைய இடைக்கச்சைத் துண்டு கிடைத்தது. அந்த முடியின் மரபணு அந்த மண்ணின் பழங்குடிகளான இன்றைய புட்டு குந்தி குர்ராமா, பினிகுரா மக்களோடு பொருந்தியது. பாட்டன் பூட்டன் தலைமுடி அது. தெரிந்த பிறகும் அனுமதியை யாரும் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை. தலைமை நிர்வாகியும் இன்னும் இரண்டு அதிகாரிகளும் பதவி விலகினார்கள். குகை போனது போனதுதான். செய்தி வந்த வாரம், வேறொரு நிறுவனத்தின் சுரங்கத்தில் என்னோடு வேலை பார்த்த பழங்குடி நண்பர் நாலு நாள் யாரிடமும் பேசவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன், வேறு என்ன செய்ய.

முன்னாள் களப்பணியாளர்:

கோப்பு பார்க்கும் வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. வன உரிமைச் சட்டத்தின் 2012 திருத்த விதிப்படி கிராமசபைக்குப் பாதிப் பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். தீர்மானத்தைப் படிக்கும் முன்னால் பெயர்களை எண்ணுங்கள். நான் சரி என்று குறித்த மூன்று தாளிலும் ஒரு பெண் பெயர்கூட இல்லை.