2வது சிலிண்டர்ல மட்டும் கம்ப்ரஷன் கம்மி, ஹெட் இறக்கணுமா?

சாவிக்கொத்து:
அவசரமா கேக்கறேன். வண்டி ஐடிலிங்ல ஆடுது, ஸ்கேனர்ல பி0302 வருது, அதாவது ரெண்டாவது சிலிண்டர் சரியா எரியாம மிஸ் ஆகுது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள காத்து அமுங்கற அழுத்தம், அதை அளக்கற கேஜ் வாங்கி நானே பாத்தேன், வரிசையா 168, 132, 170, 165 பிஎஸ்ஐ. ரெண்டாவது மட்டும் கம்மி. மெக்கானிக் ஹெட்டை (சிலிண்டருக்கு மேல வால்வு எல்லாம் இருக்கற பாகம்) இறக்கியே ஆகணும்கறார். இறக்கிடலாமா? நாளைக்கு காலையில அவருக்கு பதில் சொல்லணும்.

ரிங்செட்:
பிஸ்டனைச் சுத்தி இருக்கற ரிங் போயிடுச்சு ப்ரோ, சந்தேகமே வேணாம். எனக்கும் இப்படித்தான் ஒரே சிலிண்டர்ல ஆரம்பிச்சுது, கடைசில சிலிண்டரைக் கடைஞ்சு பிஸ்டன் மாத்தினேன். ஆயில் குறையுதா? சைலன்சர்ல நீலப்புகை வருதா?

நாலாம்கியர்:
பெட்ரோலா டீசலா? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு? இன்ஜின் சூடா இருக்கும்போது பாத்தீங்களா இல்ல காலையில ஆறிப்போயிருந்தப்பவா? எல்லா பிளக்கையும் கழட்டினீங்களா? இதெல்லாம் இல்லாம அந்த நாலு நம்பரை வெச்சு யாரும் எதுவும் சொல்ல முடியாது.

கேஸ்கெட்கண்:
ஹெட்டுக்கு அடியில இருக்கற கேஸ்கெட் பாருங்க. ரேடியேட்டர்ல தண்ணி குறையுதா, மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணா குமிழி வருதா?

மூத்தஸ்பானர்:
தம்பி, கேஜ் வாங்கினா போதாது, அதைப் பிடிக்கவும் தெரியணும். 20 வருஷமா இதே வேலை பாக்கறேன், கேஜை ஒழுங்கா வெச்சு கொண்டுவந்த ஒரு நம்பரை இங்க இன்னும் பாக்கலை. பேட்டரி ஃபுல் சார்ஜ், இன்ஜின் சூடு, நாலு பிளக்கும் வெளிய, காயில் கனெக்டர் கழட்டணும், ஃபியூல் பம்ப் ஃபியூஸை உருவணும், ஆக்சிலேட்டரை மிதிச்சு த்ராட்டில் முழுசா திறந்திருக்கணும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில செல்ஃப் அடிக்கணும், அஞ்சுன்னா அஞ்சு. இதுல எதைச் செஞ்சீங்க? செஞ்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

சாவிக்கொத்து:
பெட்ரோல்தான். 1.2 லிட்டர். ஆறிப்போனப்பதான் பாத்தேன், ஒவ்வொரு பிளக்கா கழட்டி கழட்டி பாத்தேன், ஆக்சிலேட்டரை மிதிக்கலை, மிதிக்கணும்னு தெரியாது. புகை இல்ல, ஆயில் குறையலை, தண்ணியும் குறையலை. காயிலும் பிளக்கும் 2லேர்ந்து 3க்கு மாத்திப் போட்டு பாத்துட்டேன், மிஸ்ஸிங் ரெண்டாவதுலயேதான் நிக்குது.

நாலாம்கியர்:
இதை முதல்லயே சொல்லியிருந்தா பாதிப் பேர் கேள்வியே கேட்டிருக்க மாட்டோம். காயில், பிளக் ரெண்டையும் ஒதுக்கிடலாம். மூத்தஸ்பானர் சொன்ன மாதிரி சூடா ஒருதரம் பாருங்க, ஆனா கடைசி நம்பரை மட்டும் எழுதாதீங்க. ஒவ்வொரு அடிக்கும் முள் எவ்வளவு ஏறுதுன்னு எழுதுங்க. முதல் அடியில கம்மியா இருந்து அடுத்தடுத்த அடியில படிப்படியா நல்லா ஏறி வந்தா ரிங் பக்கம் பாக்கணும். முதல் அடியிலயும் கம்மி, அப்புறமும் பெருசா ஏறாம நின்னா வால்வு.

ரிங்செட்:
இதுக்கு எதுக்கு இவ்வளவு? பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் ஆயில் ஊத்தி திரும்ப பாக்கச் சொல்லுங்க. ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வு. எல்லாரும் பண்றதுதான்.

லீக்டவுன்:
இந்த ஆயில் டெஸ்ட்டை நம்பித்தான் நல்ல இன்ஜினை எல்லாம் பிரிச்சு போடறாங்க. 1.2 லிட்டர்னா ஒரு சிலிண்டர் 300 சிசி. கம்ப்ரஷன் ரேஷியோ 10னு வெச்சுக்கோங்க, பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது மிச்சம் இருக்கற இடம் 33 சிசிதான். அதுல 5 மில்லி ஆயில் போனாலே இடம் 28 ஆயிடும், ரேஷியோ 11.7க்கு போயிடும். ரிங் புதுசாவே இருந்தாலும் முள் ஏறத்தான் செய்யும். 20 மில்லி ஊத்தினா கேக்கவே வேணாம்.

ரிங்செட்:
தியரி எல்லாம் சரிதான், ஆனா கை வேலையில நாங்க பாத்து கண்டுபிடிச்ச ரிங் எத்தனையோ இருக்கு. அதெல்லாம் பொய்யா?

லீக்டவுன்:
பொய்னு சொல்லலை. ஏறினா ரிங்னு ஒரே வார்த்தையில முடிக்காதீங்கன்னுதான் சொல்றேன். காத்து அடிச்சு பாக்கற லீக்டவுன்ல எங்க கசியுதுன்னு காதாலயே கேக்கலாம். ஆயில் மூடியில உஸ்ஸுன்னா ரிங், த்ராட்டில் பக்கம்னா இன்டேக் வால்வு, சைலன்சர்ல கேட்டா எக்ஸாஸ்ட் வால்வு.

மூத்தஸ்பானர்:
வீட்ல கம்ப்ரசர் இல்லாதவர்கிட்ட லீக்டவுனைப் பத்தி பேசி என்ன பிரயோஜனம்? அப்படியே பண்றதா இருந்தாலும் பிஸ்டன் சரியா உச்சத்துல நிக்கணும், இல்லன்னா காத்து அதைத் தள்ளி இன்ஜினையே சுத்திடும். கிராங்க் போல்ட்ல ஸ்பானரை மாட்டி விட்டுட்டு காத்தைத் திறந்து கை மணிக்கட்டை உடைச்சுக்கிட்டவரை நேர்ல பாத்திருக்கேன்.

நாலாம்கியர்:
சண்டை வேணாம், ரெண்டு பேர் சொல்றதையும் சேத்து ஒரு வழி இருக்கு. 2வதுல ஊத்தற அதே 5 மில்லியை நல்லா இருக்கற 1வதுலயும் ஊத்திப் பாருங்க. ரெண்டும் ஒரே அளவு ஏறினா அது ஆயில் அடைச்ச இடத்தால வந்த ஏத்தம். 2வது மட்டும் எகிறினா ரிங். ஊசி போடற சிரிஞ்சுல அளந்து ஊத்துங்க, ஊத்தினதும் கேஜ் மாட்டாம நாலு தடவை செல்ஃப் அடிங்க, அப்புறம் மாட்டுங்க.

கேஸ்கெட்கண்:
கேஸ்கெட்டை யாரும் கண்டுக்க மாட்டேங்கறீங்க.

நாலாம்கியர்:
சிலிண்டருக்கு நடுவுல கேஸ்கெட் போயிருந்தா பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டரும் சேந்து குறையும். இங்க ஒண்ணுதான் குறைஞ்சிருக்கு, தண்ணியும் குறையலை. முடியாதுன்னு சொல்லலை, ஆனா வரிசையில பின்னாடிதான் வரும்.

சாவிக்கொத்து:
பாத்துட்டேன். சூடா, நாலு பிளக்கும் கழட்டி, தம்பி உள்ள உக்காந்து ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சான். 182, 118, 185, 180. 2வதுல முதல் அடியில 70, அப்புறம் 95, 108, 115, 118னு நின்னுடுச்சு, 1வதுல முதல் அடியே 110. ஆயில் ஊத்தினதும் 2வது 126, 1வது 194.

நாலாம்கியர்:
இப்பதான் விஷயம் பேசுது. 1வது 182லேர்ந்து 194, 2வது 118லேர்ந்து 126. ரெண்டுமே கிட்டத்தட்ட 7 சதவீதம்தான். அப்ப ரிங் இல்ல. இன்னொண்ணு கவனிச்சீங்களா, சூடானதும் த்ராட்டிலும் திறந்ததும் மத்த மூணும் ஏறியிருக்கு, 2வது மட்டும் 132லேர்ந்து 118க்கு இறங்கியிருக்கு. சூடானா வால்வு தண்டு நீளும். டேப்பட்ல, அதாவது வால்வைத் தள்ளற இடத்துல, இடைவெளி இல்லன்னா வால்வு முழுசா உக்காராம லேசா திறந்தே நிக்கும். வண்டி கேஸ்ல ஓடுதா?

சாவிக்கொத்து:
ஆமா, சிஎன்ஜி கிட் போட்டிருக்கேன், மூணு வருஷமாச்சு. அது முக்கியமா?

மூத்தஸ்பானர்:
முக்கியமான்னா கேக்கறீங்க! முதல் வரியில எழுத வேண்டியது அது. கேஸ்ல ஓடும்போது வால்வு உக்கார்ற சீட் சீக்கிரம் தேயும், வால்வு மேல ஹெட்டுக்குள்ள ஏறும், ஏற ஏற டேப்பட் இடைவெளி சுருங்கும். டேப்பட் சத்தம் போட்டா எல்லாரும் பதறுவாங்க, சத்தமே இல்லாம டைட் ஆகறதுதான் வால்வை எரிக்கும். கடைசியா டேப்பட் எப்ப செட் பண்ணீங்க?

சாவிக்கொத்து:
கிட் போட்டதுலேர்ந்து பண்ணலை.

மூத்தஸ்பானர்:
அப்ப ஹெட்டைத் தொடறதுக்கு முன்னாடி டேப்பட் கவரைத் திறங்க. இன்ஜின் நல்லா ஆறினப்புறம், ராத்திரி நிறுத்தி காலையில. 2வது சிலிண்டர் உச்சத்துல, ரெண்டு வால்வும் மூடியிருக்கற நிலையில ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க. அளவு உங்க வண்டி மேனுவல்ல இருக்கும், அதைத்தான் வைக்கணும், யாராவது சொன்ன அளவை வைக்காதீங்க. உங்களுது ஸ்க்ரூவும் லாக் நட்டும் வெச்ச டேப்பட்டா, ஷிம்மா, ஹைட்ராலிக்கான்னும் பாத்துக்குங்க, ஹைட்ராலிக்னா செட் பண்ண ஒண்ணும் இல்ல.

ரிங்செட்:
நம்பரைப் பாத்தா ரிங் இல்லன்னுதான் தோணுது, ஒத்துக்கறேன். வண்டியை ஐடிலிங்ல விட்டு சைலன்சர் வாய் முன்னாடி ஒரு பேப்பரைப் பிடிச்சுப் பாருங்க ப்ரோ. எக்ஸாஸ்ட் வால்வு கசிஞ்சா பேப்பர் தள்ளிக்கிட்டே இருக்காம நடுநடுவுல பைப் பக்கம் இழுக்கும்.

கேஸ்கெட்கண்:
என்ன ஆச்சு? மூணு வாரம் ஆச்சு.

சாவிக்கொத்து:
மன்னிச்சுக்கோங்க, வேலை. பேப்பர் இழுத்துச்சு. கவரைத் திறந்தா 2வது எக்ஸாஸ்ட்ல 0.05 மில்லிமீட்டர் தகடே நுழையலை, வால்வை அமுக்கற ராக்கரைக் கையால ஆட்டினா அசையக்கூட இல்ல. ஸ்க்ரூ டைப்தான். மேனுவல்ல எக்ஸாஸ்டுக்கு 0.25, வெச்சாச்சு. மத்த எக்ஸாஸ்ட் மூணும் 0.12, 0.15, 0.12 இருந்துச்சு, எல்லாத்தையும் சரி பண்ணோம். இப்ப சூடா 2வது 161, மத்தது 180க்கு மேல. ஆட்டம் போயிடுச்சு, செக் இன்ஜின் லைட்டும் வரலை. மெக்கானிக்கிட்ட ஹெட் வேணாம்னு சொல்லிட்டேன்.

நாலாம்கியர்:
நல்லது. 161னா இன்னும் சீட்ல கொஞ்சம் எரிச்சல் இருக்கலாம். 5,000 கிலோமீட்டர்ல திரும்ப கவரைத் திறந்து அந்த 2வதை அளங்க. 0.25 அப்படியே இருந்தா விட்டுடுங்க, மறுபடி சுருங்கியிருந்தா சீட் இன்னும் தேயுதுன்னு அர்த்தம், அப்ப ஹெட்டை இறக்கித்தான் சீட் மாத்தணும்.