மறு: இன்டர்கல்ச்சரல் கம்யூனிகேஷன், எத்னிக் ரிலேஷன்ஸ் – வெள்ளிக்குள் தமிழ்ச்சொல் வேண்டும்

தே.மா. எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். தமிழ்வழி சமூகவியல் மாணவர்களுக்கான பாட அலகு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மேற்கண்ட இரு துறைகளிலும் (வெவ்வேறு பண்பாட்டினர் பேசிக்கொள்வதை ஆராய்வது முதலாவது; மொழி, மரபு வழியாக அமைந்த குழுக்களின் உறவை ஆராய்வது இரண்டாவது) ஆய்வும் வேலைவாய்ப்பும் எப்படி என்பதுதான் பொருள். தலைப்புக்கு மட்டும் சொல் கிடைத்தால் போதாது. உளவியலாளர் ஆல்போர்ட் 1954இல் முன்வைத்த 'கான்டாக்ட்' கருதுகோள் (குழுக்கள் நேரில் பழகினால் தப்பெண்ணம் குறையும் என்பது), மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் வளர்த்த 'கம்யூனிகேஷன்' ஆய்வு, 1977இல் தொடங்கி 'ரிலேஷன்ஸ்' என்று பெயரிலேயே வைத்திருக்கும் ஆய்விதழ், மூன்றும் ஒரே பக்கத்தில் வருகின்றன. பழைய வரைவில் மூன்றுக்கும் 'தொடர்பு'தான். "குழுக்களிடையே தொடர்பு மிகுந்தால் தொடர்பு மேம்பட்டுத் தொடர்பு சீராகும்" என்று ஒரு வாக்கியம் நிற்கிறது. உதவுங்கள்.

வ.சி. எழுதியது:

இதற்கு இலங்கையில் தீர்வு எப்போதோ வந்துவிட்டது. கம்யூனிகேஷன் என்றால் தொடர்பாடல். உரையாடல், கலந்துரையாடல் போல 'ஆடல்' சேர்ந்ததும் இருவர் பங்கு கொள்ளும் செயல் என்று தெரிந்துவிடுகிறது. தொடர்பு என்பதைக் கான்டாக்டுக்கு விடுங்கள். ரிலேஷன்ஸ் உறவு. ஆல்போர்ட் வைத்த நான்கு நிபந்தனைகள் (சம நிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்தில் உள்ளோரின் ஆதரவு) தொடர்பு பற்றியவைதான். பேச்சுத் திறன் பற்றியவை அல்ல. அங்கே தொடர்பாடல் என்று போட்டால் கருத்தே மாறிவிடும்.

முழுத் தொடர்: கலாசாரங்களுக்கிடையிலான தொடர்பாடல்.

இரா.க. எழுதியது:

> கலாசாரங்களுக்கிடையிலான

தொடர்பாடல் சரி, ஏற்கிறேன். ஆனால் கலாசாரம் ஏன்? பண்பாடு என்ற நல்ல சொல் கையில் இருக்கிறது. 'பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்' என்கிறது கலித்தொகை. பாடறிதல் என்றால் பிறர் இயல்பை அறிதல். இந்தத் துறையின் வரையறையே அதற்குள் அடங்கிவிடுகிறது. நிலத்தைப் பண்படுத்துகிறோம், இலத்தீனிலும் கல்ச்சர் உழவிலிருந்து வந்ததுதான்.

'இடைப்பண்பாட்டுத் தொடர்பாடல்' என்பது என் பரிந்துரை.

சு.ந. எழுதியது:

ஐயா, கலித்தொகையின் 'பாடு'ம் பண்பாட்டில் உள்ள 'பாடு'ம் ஒன்றுதானா என்பது தனி விவாதம். கோட்பாடு, கட்டுப்பாடு எல்லாவற்றிலும் உள்ள தொழிற்பெயர் ஈறாகவே அதைப் பார்க்கிறேன். அது கிடக்கட்டும்.

சிக்கல் 'இடை'யில். முன்னே வந்தால் அது நடுவிலிருப்பதைக் குறிக்கும்: இடைக்காலம், இடைத்தேர்தல், இடைநிலை ஆசிரியர். இடைப்பண்பாடு என்றால் இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே முளைத்த மூன்றாவது ஒன்று என்றே மாணவர் படிப்பார். இடை பின்னால் வரட்டும். உயிர்த்தொடர்க் குற்றியலுகரம் ஆகையால் வேற்றுமையில் ட இரட்டிக்கும்; பண்பாட்டிடைத் தொடர்பாடல். அட்டவணைக் கட்டத்திலும் அடங்கும். பண்பாட்டிடைத் திறன், பண்பாட்டிடைப் பயிற்றுநர் என்று கிளைக்கவும் செய்யும். வ.சி. தந்த தொடரை வைத்து வேலை விளம்பரம் எழுதிப் பாருங்கள், பதவிப் பெயரே ஒரு வரியைத் தின்றுவிடும்.

இரா.க. எழுதியது:

இடை ஏழாம் வேற்றுமை உருபும்தான். நன்னூல் தரும் பட்டியலிலேயே உள்ளது: 'கண்கால் கடையிடை'. நாட்டிடை என்றால் நாட்டில். அப்படியானால் பண்பாட்டிடை என்பது பண்பாட்டுக்குள் என்றாகிறது. நேர் எதிர்ப்பொருள். பன்மை இல்லாமல் இடை நிற்காது. பண்பாடுகளிடைத் தொடர்பாடல் என்றாவது வையுங்கள்.

பா.செ. எழுதியது:

'இன்டர்' என்பதைத் தமிழ் பல வழிகளில் கடந்து வந்திருக்கிறது. இன்டர்நேஷனல் பன்னாட்டு ஆனது. அதில் இடையே இல்லை. இன்டர்நெட் இணையம் ஆனது. செய்தித்தாள்கள் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை என்று எழுதின; படிப்பவர் எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

இங்கே 'பன்' உதவாது. பன்பண்பாட்டு என்பது மல்ட்டிகல்ச்சரலுக்கு (பல பண்பாடுகள் சேர்ந்திருப்பது) போய்விட்டது. 'கிராஸ்கல்ச்சரல்' வேறு இருக்கிறது. சமூக உளவியலாளர் ஹோஃப்ஸ்டெட் ஐபிஎம் ஊழியர்களின் விடைகளை நாடுவாரியாக அடுக்கி ஒப்பிட்டார். அங்கே யாரும் யாரோடும் பேசவில்லை. அது ஒப்பீடு. ஹால் 1950களின் தொடக்கத்தில் வாஷிங்டனில் தூதரகப் பணியாளர்களுக்குக் கற்பித்தது வேறு: எதிரில் இருப்பவரோடு எவ்வளவு தள்ளி நிற்பது, எவ்வளவு நேரம் காக்கவைத்தால் அவமதிப்பாகும். கிராஸ்கல்ச்சரலைப் 'பண்பாட்டு ஒப்பீட்டு' என்று பிரித்துவிட்டால் இடை என்பதன் சுமை பாதி குறையும்.

மு.அ. எழுதியது:

எல்லோரும் முதல் பாதியிலேயே நிற்கிறீர்கள். எத்னிக்?

சிங்கப்பூரில் ரேஸ் (உடல்தோற்றத்தை வைத்துப் பிரிப்பது), எத்னிக் (மொழி, மரபை வைத்துப் பிரிப்பது) இரண்டுக்கும் இனம்தான். ஜூலை 21 இன நல்லிணக்க நாள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புகளில் 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை. அன்றாடப் புழக்கத்தில் குழப்பமில்லை. ஆய்வு நூலில் உண்டு. பிரிட்டனின் 1965ஆம் ஆண்டு ரேஸ் ரிலேஷன்ஸ் சட்டமும் எத்னிக் ரிலேஷன்ஸ் துறையும் ஒரே பத்தியில் வந்தால் இரண்டும் 'இன உறவுகள்' ஆகிவிடும்.

'இனக்குழு' போடலாம் என்பீர்கள். தமிழ்நாட்டில் சங்ககால ஆய்வாளர்கள் அதை அரசு தோன்றுவதற்கு முந்தைய சமூகத்துக்குப் பயன்படுத்தி நிலைக்க வைத்துவிட்டார்கள். மானிடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த் 1969இல் சொன்னது, குழுவுக்குள் இருக்கும் பண்பாட்டுச் சரக்கைவிட அது வரையும் எல்லையே அதைக் குழுவாக்குகிறது என்று. அதை 'இனக்குழு எல்லை' என்று எழுதினால் மாணவர் சங்ககால வேளிரை நினைப்பார்.

வ.சி. எழுதியது:

இனத்துவம். இனத்துவ உறவுகள். கொழும்பில் 1982இல் தொடங்கிய ஆய்வு நிலையத்தின் தமிழ்ப் பெயரிலேயே 'இனத்துவக் கற்கைகள்' உள்ளது. ரேஸுக்கு இனம் இருக்கட்டும்.

இரா.க. எழுதியது:

'துவம்' வடமொழி ஈறு. பட்டினப்பாலையைப் பாருங்கள்: 'மொழி பல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்' பட்டினம். வெவ்வேறு மொழி பேசுவோர் ஒரே துறைமுகத்தில் வாழ்ந்ததைச் சொல்லும் வரி. 'கலந்துறைவியல்' என்று அழகாக அமையும்.

மு.அ. எழுதியது:

அம்மரபை மதிக்கிறேன் ஐயா. ஆனால் அந்த வரியில் 'இனிது' இருக்கிறது. கலவரமும் குடியிருப்புப் பாகுபாடும் வேலை மறுப்பும் இத்துறையின் பாடங்களே. நல்லிணக்கத்தைப் பெயரிலேயே எழுதிவிட்டால் ஆராய என்ன மிஞ்சும்? 'துவம்' பற்றியென்றால், தனித்துவம் என்று தாங்களே நேற்று எழுதினீர்கள்.

தே.மா. எழுதியது:

மிக்க நன்றி. வேலைவாய்ப்புப் பகுதியில் 'இன்டர்கல்ச்சரல் மீடியேட்டர்' வருகிறது. மத்தியஸ்தர் என்று போடலாமா?

வ.சி. எழுதியது:

வேண்டாம். இலங்கையில் மத்தியஸ்த சபை சட்டப்படி வழக்கு தீர்க்கும் இடம். பெல்ஜியம் மருத்துவமனைகளில் 1990கள் முதல் வேலை செய்யும் இவர்கள் வழக்கு தீர்ப்பதில்லை. மருத்துவர் சொன்னதை மொழிபெயர்ப்பார்கள். நோயாளி ஏன் தயங்குகிறார் என்று மருத்துவருக்கு எடுத்துச் சொல்வார்கள்.

சு.ந. எழுதியது:

தமிழ்நாட்டில் சமரசர் என்றாலும் நீதிமன்றச் சமரச மையம்தான் நினைவுக்கு வரும். இடையாளர் என்றால் தரகர் வாடை. 'பண்பாட்டிடை விளக்குநர்' போடுங்கள். பதவிப் பெயருக்குக் கீழே செய்யும் வேலையை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்: மொழிபெயர்ப்பு, விளக்கம், தேவைப்பட்டால் நோயாளிக்காகப் பேசுதல். வேலை தேடும் மாணவருக்குப் பெயரைவிட அந்த வரிதான் உதவும்.

தே.மா. எழுதியது:

அச்சகத்துக்கு அனுப்புவது இது. தலைப்பு: பண்பாட்டிடைத் தொடர்பாடலும் இனத்துவ உறவுகளும். முதல் வருகையில் 'வெவ்வேறு பண்பாட்டினர் நேருக்கு நேர் கலந்து பேசுவதைப் பற்றிய துறை' என்று விளக்கம். கான்டாக்ட் தொடர்பு, ரிலேஷன்ஸ் உறவு, ரேஸ் இனம், கிராஸ்கல்ச்சரல் பண்பாட்டு ஒப்பீட்டு. ஐவரில் நால்வர் ஒப்பினீர்கள்.

இரா.க. எழுதியது:

நான் ஒப்பவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். பண்பாட்டிடை என்றால் பண்பாட்டில். சொல்லடைவிலாவது 'பண்பாடுகளிடை' என்ற வடிவத்தையும் சேர்த்து, பக்க எண் கொடுங்கள். அதற்கு வெள்ளி வரை நேரமிருக்கிறது.