பாலிசியை விட்டுப் போனவர்களை இறப்புக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாமா?

கேள்வி: இரண்டாம் செமஸ்டர் மாணவி

வணக்கம். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு சென்னையில் எம்.எஸ்சி. ஆக்சுவேரியல் சயின்ஸ் (காப்பீடு, பென்ஷனுக்கான கணிதம்) படிக்கிறேன். வட்டி, ஆன்யுட்டி எல்லாம் தடையில்லாமல் போனது. இந்த செமஸ்டரில் சர்வைவல் மாடல்ஸ் தாள், அதில் சென்சாரிங் (ஒருவருக்கு முடிவில் என்ன ஆனது என்று தெரியாமலே கவனிப்பு நின்றுவிடுவது) வந்ததும் நின்றுவிட்டேன். பிழைக்கும் வாய்ப்பைக் கணிக்கும் கேப்லன்-மையர் சூத்திரத்தில் எண்களைப் போட்டால் விடை வருகிறது. ஏன் அப்படிப் போடுகிறோம் என்பதுதான் பிடிபடவில்லை.

பயிற்சிக் கணக்கு இது. ஒரே வயதுள்ள 10 பாலிசிதாரர்களை 5 ஆண்டுகள் கவனிக்கிறோம். 1, 2, 4 ஆண்டுகள் முடியும்போது ஒவ்வொருவர் இறக்கிறார்கள். ஒன்றரை ஆண்டில் 2 பேரும், 3 ஆண்டில் 2 பேரும் பாலிசியை விட்டுவிடுகிறார்கள். மீதி 3 பேர் கடைசிவரை உயிரோடு இருக்கிறார்கள். விட்டுப்போன 4 பேருக்கு அப்புறம் என்ன ஆனது என்று நமக்குத் தெரியாது. அவர்களை மொத்தமாக எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால் என்ன தப்பு?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆக்சுவரி ஆவதற்கான தொழில்முறைத் தேர்வுகளில் ஒன்றான சிஎஸ்2-ஐ இந்தத் தாளோடு சேர்த்தே எழுதலாமா, டிகிரி முடித்துவிட்டு எழுதலாமா?

பதில் 1: தேர்வு எழுதிக்கொண்டிருப்பவன்

தேர்வு பற்றி மட்டும் சொல்கிறேன். மார்கோவ் செயின், பாய்சான் பிராசஸ், சர்வைவல், டைம் சீரீஸ் என்று சிஎஸ்2 பாடத்திட்டத்தை உங்கள் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒத்துப்போனால் சூட்டோடு சூடாக எழுதிவிடுங்கள். சிஎஸ்1 முடிக்கவில்லை என்றால் முதலில் அது. சிஎஸ்2-வின் பி தாள் முழுக்க ஆர் என்ற கணினி நிரல் மொழியில்தான். அதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள், கை பழக வேண்டிய விஷயம்.

பதில் 2: இறப்பு விகித ஆய்வு, மும்பை

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் இறப்பு விகித ஆய்வுதான் என் வேலை. இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும்.

முதலில் உங்கள் கணக்கு. 4 பேரை எடுத்துவிட்டால் 6 பேரில் 3 இறப்பு, 5 ஆண்டு பிழைக்கும் வாய்ப்பு 0.50. அவர்களும் கடைசிவரை உயிரோடு இருந்தார்கள் என்று வைத்துக்கொண்டால் 10 பேரில் 3 இறப்பு, 0.70. கேப்லன்-மையரில் முதல் இறப்பின்போது 10 பேர் இருக்கிறார்கள், ஆகவே 9/10. அடுத்த இறப்புக்குள் இன்னும் 2 பேர் போய்விட்டதால் 7 பேர், 6/7. கடைசி இறப்பின்போது 4 பேர், 3/4. மூன்றையும் பெருக்கினால் 0.58 வரும்.

விட்டுப்போன ஒருவர் ஒன்றரை ஆண்டு நம் கண்முன்னே உயிரோடு இருந்தார். அந்தக் காலத்தில் அவர் இறந்திருந்தால் இறப்பில் சேர்த்திருப்போம் இல்லையா? அப்படியானால் இறக்காமல் இருந்த அந்தக் காலத்தையும் கணக்கில் வைத்தாக வேண்டும். ஆளையே எடுத்துவிட்டால் பிழைத்திருந்த காலம் காணாமல் போகிறது, இறப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. அதனால்தான் 0.50 அவ்வளவு கீழே போனது.

இதையே ஆள்-ஆண்டுகளாகவும் (ஒவ்வொருவரும் நம் கவனிப்பில் இருந்த ஆண்டுகளின் கூட்டல்) எண்ணிப் பாருங்கள். இறந்தவர்கள் 1+2+4 = 7, விட்டுப்போனவர்கள் 3+6 = 9, மீதிப் பேர் 15. மொத்தம் 31 ஆள்-ஆண்டுகளுக்கு 3 இறப்பு, ஆண்டுக்கு 0.097. சென்ட்ரல் எக்ஸ்போஸ்டு டு ரிஸ்க் என்று பாடத்தில் வருவது அந்த 31-தான்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. ஒருவரை எக்ஸ்போஷரில், அதாவது அந்த ஆள்-ஆண்டுக் கணக்கில், எதுவரை வைப்பது என்று சந்தேகம் வரும்போதெல்லாம், "இவர் இந்த நிமிடம் இறந்தால் நம் இறப்புப் பட்டியலில் வருவாரா?" என்று கேளுங்கள். வருவார் என்றால் எக்ஸ்போஷரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இருக்கக் கூடாது. பிரின்சிபிள் ஆஃப் கரஸ்பாண்டன்ஸ் என்று பாடத்தில் நாலு வரியில் முடிந்துவிடும். என்னைக் கேட்டால் அந்த நாலு வரிக்கு ஒரு வாரம் வகுப்பு எடுக்க வேண்டும்.

ஒரு உதாரணம். ஏப்ரல் 1 அன்று கட்ட வேண்டிய ஆண்டு பிரீமியத்தை ஒருவர் கட்டவில்லை. தரவில் லாப்ஸ் (பாலிசி காலாவதியான) தேதி ஏப்ரல் 1 என்றே இருக்கும். ஆனால் அவருக்கு 30 நாள் கிரேஸ் பீரியட் உண்டு (மாதத் தவணை என்றால் 15 நாள்). ஏப்ரல் 20 அன்று அவர் இறந்தால், பாக்கி பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு கிளெய்ம் கொடுத்தாக வேண்டும். அந்த இறப்பு மேலே தொகுதியில் ஏறிவிடும். எக்ஸ்போஷரை ஏப்ரல் 1 அன்றே நிறுத்தியிருந்தால் கீழே பகுதியில் அந்த நாட்கள் இல்லை. ஒரு பாலிசிக்கு 30 நாள் பெரிதில்லை. லாப்ஸ் ஆன ஒவ்வொரு பாலிசிக்கும் 30 நாள் விட்டுப்போனால் விகிதம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும், அதை வைத்துப் போடும் பிரீமியத்தை வாடிக்கையாளர் கட்டுவார்.

வயதிலும் இதே சிக்கல். கிளெய்ம் கோப்பில் முடிந்த வயதும், பாலிசிக் கோப்பில் நெருங்கிய பிறந்தநாள் வயதும் இருந்தால், ஒன்றில் 45 என்பது 45 முதல் 46 வரை, மற்றொன்றில் 44½ முதல் 45½ வரை. இரண்டையும் அப்படியே வகுத்தால் அரை வயது இடிக்கும்.

பதில் 3: பென்ஷன் பிரிவில் இருப்பவர்

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். விட்டுப்போனவரும் தொடர்ந்து இருப்பவரும் ஒரே மாதிரி ஆரோக்கியம் உள்ளவர்கள் என்ற அனுமானத்தில்தான் அந்த 0.58 நிற்கிறது. டெர்ம் பாலிசியில் அது அப்படியே நடக்காது. நோயில் படுத்திருப்பவரின் பாலிசிக்கு வீட்டில் எப்பாடு பட்டாவது பணம் கட்டிவிடுவார்கள். விடுபவர்களில் உடம்பு நன்றாக இருப்பவர்களே அதிகம். அப்படியானால் 10 பேருக்கும் சேர்த்துப் பார்க்கும்போது உண்மையான பிழைப்பு வாய்ப்பு 0.58-ஐவிடக் கூடுதலாக இருக்கும். தேர்வில் "இன்ஃபர்மேட்டிவ் சென்சாரிங்" என்று பெயரை மட்டும் எழுதாமல், எந்தப் பக்கம் இழுக்கும் என்பதையும் எழுதுங்கள்.

இரண்டாம் செமஸ்டர் மாணவி

மூன்று பேருக்கும் நன்றி. சிஎஸ்1 முடித்துவிட்டேன், சிஎஸ்2-க்குப் பதிவு செய்யப் போகிறேன். மும்பை அக்கா, நீங்கள் சொன்ன கேள்வியை ரிவைவலுக்கும் போட்டுப் பார்த்தேன். 2 ஆண்டு முடிவில் பிரீமியம் கட்டாமல் விட்டவர் 2¾ ஆண்டில் பாலிசியைப் புதுப்பிக்கிறார். கிரேஸ் பீரியட் முடிந்ததிலிருந்து புதுப்பிக்கும்வரை இறந்திருந்தால் கிளெய்ம் கிடையாது, ஆகவே எக்ஸ்போஷரும் கிடையாது. சரிதானா?

இறப்பு விகித ஆய்வு, மும்பை

ரொம்பச் சரி. ஆர் நிரலில் சர்வைவல் பேக்கேஜின் சர்வ் ஃபங்ஷனுக்குத் தொடக்கம், முடிவு, நிகழ்வு என்று மூன்றும் கொடுக்கலாம். அந்த ஒரே பாலிசியை இரண்டு வரியாக எழுதுங்கள்: 0 முதல் 2.08 வரை, பிறகு 2.75 முதல் 5 வரை, இரண்டிலும் நிகழ்வு 0. நடுவில் ஒரு இறப்பு நடந்தால் அப்போது இருப்போர் எண்ணிக்கையில் அவர் தானாகவே வரமாட்டார். புதுப்பிக்கும்போது உடல்நல அறிவிப்பு கேட்பது வழக்கம் என்பதால், இரண்டாவது வரிக்கு ஒரு அடையாளக் குறி போட்டு வையுங்கள். அவர்களின் இறப்பைத் தனியாகப் பார்க்கச் சொல்லிப் பிறகு கேட்பார்கள்.