சரக்கு வராத நாளில் கைகொடுப்பது கணினியா, கிடங்கில் இருக்கும் மூட்டையா?

சித்தூர்_மளிகை:

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கடை நடத்தும் நமக்குப் பருப்பும் எண்ணெயும் காய்கறியும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கோபாலபுரம், வேலந்தாவளம், வாளையாறு ஆகிய எல்லை வழிகளில்தான் வந்து சேர்கின்றன. கம்பெனிச் சரக்கு சிலவற்றுக்கு மேற்கே திருச்சூர், கொச்சிப் பக்கத்தையும் நம்பியிருக்கிறோம். இந்த வழிகளில் ஒன்று அடைபட்டால் என்ன செய்வது என்ற பேச்சு எழும்போதெல்லாம், கணினியும் செயலியும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்குத்தான் உதவும், மளிகைக் கடைக்கு உதவா என்று நம்மவர்கள் சொல்லிவிடுகிறார்கள். இதை நான் முழுமையாக மறுக்கிறேன்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குதிரானில் மண் சரிந்து பாலக்காடு–திருச்சூர் நெடுஞ்சாலை அடைபட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நமக்கு வர வேண்டிய லாரி எங்கே நிற்கிறது என்பதை அறிய ஓட்டுநரின் கைபேசி ஒன்றே வழி; அதுவும் அணைந்துவிட்டால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இன்று ஜிபிஎஸ் பொருத்திய லாரி நிற்கும் இடம் திரையில் தெரிகிறது. அதைவிடவும் பயனுள்ளது கையிருப்புக் கணக்கு. ஒரு கடையில் நாளொன்றுக்கு 12 எண்ணெய் பாக்கெட் விற்கிறது, ஆர்டர் கொடுத்த மூன்றாம் நாள் சரக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 36 பாக்கெட்டும் அதற்கு மேல் சிறிது காப்பும் இருக்கும்போதே ஆர்டர் கொடுத்தால் போதும். சரக்கு வர ஏழு நாள் ஆகத் தொடங்கினால் அந்த எண்ணிக்கை 84 ஆக உயர வேண்டும். கடந்த சில லோடுகள் தாமதமாக வந்ததைக் கவனித்து, அலமாரி காலியாவதற்கு முன்பே இந்த மாற்றத்தைச் சொல்வது மென்பொருள்தான். நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு இந்தக் கணக்கை மனத்தில் போட எந்தக் கடைக்காரராலும் இயலாது.

பொள்ளாச்சி_மொத்தம்:

தம்பி, உங்கள் கணக்கில் பிழையில்லை. அந்த 84 பாக்கெட்டை யார் தருவது என்பதே என் கேள்வி.

இந்தோனேசியா 2022 ஏப்ரல் 28 அன்று பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி, மே 23 அன்றுதான் மீண்டும் அனுமதித்தது. உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய்க்கும் தட்டுப்பாடு இருந்த நேரம் அது. அந்த வாரங்களில் சில்லறைக் கடைகள் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டன. வீடுகளில் எண்ணெய்ச் செலவு கூடவில்லை, கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம்தான் கூடியிருந்தது. கடைக்காரர் சிறிது கூட்டிக் கேட்க, மொத்த வியாபாரி அதைவிடக் கூட்டிக் கேட்க, ஆலைக்குப் போய்ச் சேரும்போது அது பெரும் தேவையாகத் தோற்றமளிக்கிறது. இவ்வாறு ஆர்டர் படிப்படியாகப் பெருகுவதை அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1961-இலேயே விளக்கிவிட்டார். இப்போது எல்லாக் கடைகளிலும் ஒரே வகை மென்பொருள் இருந்து, எல்லாம் ஒரே நாளில் 36-ஐ 84 ஆக்கினால் இந்தப் பெருக்கம் குறையுமா, கூடுமா என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கணினியே முடங்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2025 ஏப்ரலில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, ஆறு வாரத்துக்கு மேல் இணைய ஆர்டர்களை நிறுத்தி வைத்தது. கையால் கணக்குப் பார்க்க வேண்டிய நிலை வந்து உணவுப்பொருள் வீணானது. லாப இழப்பு ஏறத்தாழ 30 கோடி பவுண்டு இருக்கும் என்று அந்நிறுவனமே மதிப்பிட்டது. அங்கே சாலை அடைபடவில்லை, வெள்ளமும் வரவில்லை. என் கிடங்கில் அடுக்கியிருக்கும் துவரம் பருப்பு மூட்டையை எந்தத் தாக்குதலும் முடக்காது.

வாளையாறு_லாரி:

இருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டிய சரக்கு எல்லை கடக்கும்போது இ-வே பில், அதாவது ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் மின்னணுச் சரக்குச் சீட்டு, வேண்டும் என்பது அனைவருக்கும் தெரியும். 2021 ஜனவரி முதல் அதன் ஆயுள் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அமைகிறது. மண்சரிவில் வண்டி நின்றுவிட்டால் பில்லின் காலம் கடந்துவிடும். காலம் கடந்த பில்லோடு பிடிபட்டால் அபராதம் உண்டு. காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பிலிருந்து, முடிந்த பின் எட்டு மணி நேரம் வரை, இயற்கைச் சீற்றம் என்று காரணம் குறித்துக் கைபேசியிலேயே நீட்டித்துக்கொள்ளலாம். சாலையில் நிற்கும் ஓட்டுநருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அந்த இரவில் அவருடன் பேசியவர்களுக்குத்தான் தெரியும்.

சித்தூர்_மளிகை:

பொள்ளாச்சி ஐயா சொன்ன பெருக்கம் உண்மைதான். அது எதனால் வருகிறது? மொத்த வியாபாரியின் கண்ணுக்கு எங்கள் ஆர்டர் மட்டுமே தெரிகிறது, எங்கள் கடையில் உண்மையில் என்ன விற்றது என்பது தெரிவதில்லை. கடை பில்லிங் இயந்திரத்தின் அன்றாட விற்பனை அவருக்கும் ஆலைக்கும் தெரிந்தால், மக்கள் எண்ணெயைக் கூடுதலாக வாங்கவில்லை, கடைக்காரர்தான் பயத்தில் கூட்டிக் கேட்கிறார் என்பது உடனே விளங்கிவிடும். ஆகவே நீங்கள் எடுத்துக்காட்டிய குறைக்கு மருந்தும் தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது.

முன்கூட்டியே அறிவதன் பயனுக்கும் ஒரு சான்று தருகிறேன். 2023 நவம்பருக்குப் பின் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும், பல கப்பல்கள் சூயஸைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. கருங்கடலிலிருந்து சூரியகாந்தி எண்ணெய் ஏற்றி இந்தியா வரும் கப்பல் அப்படிச் சுற்றினால் சில வாரம் கூடுதலாகும். கப்பல் திசை மாறியதைத் திரையில் பார்த்த இறக்குமதியாளருக்கு அந்தச் சில வாரமும் கையில் கிடைத்த அவகாசம். நமக்கோ சேல்ஸ்மேன் வந்து கையை விரித்த பிறகுதான் செய்தி தெரியும்.

கொழிஞ்சாம்பாறை_கடை:

அண்ணா, நீங்கள் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தில்தான் என் வருத்தமும் இருக்கிறது. செய்தி எங்களிடமிருந்து மேலே போகிறது, மேலிருந்து எங்களுக்கு வருவதில்லை. கம்பெனி சேல்ஸ்மேன் கையிலுள்ள கருவியில் என் கடையின் ஆர்டர், பாக்கி, எந்தப் பொருள் எத்தனை நாளில் தீர்கிறது என்பதெல்லாம் இருக்கின்றன. அவருடைய டிப்போவில் என்ன இருக்கிறது என்பது வண்டிக் கதவு திறக்கும் வரை எனக்குத் தெரியாது. கேட்டதில் பாதி வந்திருக்கும்; மீதிக்குப் பதிலாக நான் கேட்காத சோப்பு இறங்கும். இந்த நிலையில் என் அன்றாட விற்பனையையும் அவர்களுக்குத் திறந்து காட்டு என்றால், எனக்கு என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முன்கணிப்பு பற்றியும் ஒரு சொல். எங்கள் ஊரில் ஓணமும் உண்டு, தீபாவளியும் பொங்கலும் உண்டு. 2023-இல் திருவோணம் ஆகஸ்ட் 29, 2024-இல் செப்டம்பர் 15. சென்ற ஆண்டின் இதே வாரத்தைப் பார்த்து ஆர்டர் சொல்லும் மென்பொருள், ஆகஸ்ட் கடைசியில் வெல்லமும் அடைப் பிரதமனுக்கான அடையும் குவிக்கச் சொல்லி, உண்மையான ஓண வாரத்தில் சாதாரண அளவைச் சொல்லும். பஞ்சாங்கத்தை அதற்கு ஊட்டினால் சரியாகும் என்பதை அறிவேன். யார் ஊட்டுவது? எல்லைப்புறக் கடைக்கு இரு மாநிலத்துப் பண்டிகையும் வேண்டும் என்பதை எண்ணிச் செய்த மென்பொருளை நான் இன்னும் பார்க்கவில்லை.

பொள்ளாச்சி_மொத்தம்:

அம்மணி கேட்டது நியாயம். ஆனால் கையிருப்பை ஏன் காட்டுவதில்லை என்பதையும் கேளுங்கள். தட்டுப்பாட்டு நேரத்தில் என்னிடம் 200 டின் இருப்பதாகத் திரையில் காட்டினால், முதலில் பார்க்கும் நான்கு கடைகள் அத்தனையையும் எடுத்துவிடும். மலையடிவாரத்தில் சிக்னல் கிடைக்காத கடைக்கு ஒன்றும் மிஞ்சாது. அவரும் எத்தனையோ ஆண்டுகளாக என்னிடமே வாங்குபவர். ஆளுக்கு இரண்டு டின் என்று பங்கிட்டுக் கொடுத்துச் சமாளிப்பவன் நான். சரக்கு குறைவு என்பதைக் கணினி சொல்லும். குறைந்த சரக்கு யாருக்குப் போக வேண்டும் என்பதை மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும்.

சித்தூர்_மளிகை:

அந்தப் பங்கீட்டையும் விதியாக எழுதலாம், ஐயா. கடந்த மூன்று மாதச் சராசரியில் பாதிக்கு மேல் எந்தக் கடைக்கும் இல்லை என்று வைத்துவிட்டால், முதலில் பார்த்தவர் அள்ளிச் செல்ல முடியாது. உங்களைப் போன்றவர் நினைவிலிருந்து நியாயமாகப் பங்கிடலாம். எல்லா மண்டியிலும் அப்படி நடக்கிறது என்று சொல்ல முடியுமா? ரொக்கம் தருபவருக்கும் அருகில் இருப்பவருக்கும் முதலில் போவதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். எழுதிய விதி எல்லாருக்கும் தெரியும். மனத்திலுள்ள விதி அவருக்கு மட்டுமே தெரியும்.

கொழிஞ்சாம்பாறை_கடை:

கையிருப்பைக் காட்ட வேண்டாம், ஐயா. லோடு ஏற்றியவுடன், என் பெயரில் எத்தனை மூட்டை ஏறியது, வண்டி எப்போது கிளம்பியது என்ற இரண்டை மட்டும் கைபேசிக்கு அனுப்புங்கள். பில் அப்போதே போடப்பட்டுவிடுகிறது. அதன் படம் போதும். காலையிலேயே பாதிதான் வருகிறது என்று தெரிந்தால், மதியத்துக்குள் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வேன், அல்லது கல்யாண வீட்டு ஆர்டர் கொடுத்தவரிடம் முன்பே சொல்லிவிடுவேன்.

பொள்ளாச்சி_மொத்தம்:

பில் படம் அனுப்புவதில் எனக்கு மறுப்பில்லை. அடுத்த லோடிலிருந்தே கணக்கரிடம் சொல்லிவிடுகிறேன். சித்தூர்த் தம்பியின் பாதி அளவு விதியையும் எண்ணெய்க்கு மட்டும் நடத்திப் பார்க்கச் சம்மதம். ஆனால் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே பருப்பும் எண்ணெயும் ஒரு மாதத்துக்குச் சேர்த்து வைக்கும் வழக்கத்தை நான் விடப் போவதில்லை. அதற்கு ஆகும் வட்டியும் கிடங்கு வாடகையும் இன்று முழுவதும் என் தலையில் விழுகின்றன. மழையில் வழி அடைபடும்போது அந்தச் சரக்கைத்தான் நீங்கள் அனைவரும் கேட்கிறீர்கள். அந்தச் செலவில் சில்லறைக் கடைகள் எவ்வளவு ஏற்றுக்கொள்ளும் என்பதை நீங்கள் இருவரும் கலந்து பேசி இங்கே எழுதுங்கள்.