கோபால்பூர் கடற்கரையில் ஒரு நாள் தங்கலாமா?

வழிப்போக்கன்: ஹவுரா ரயிலில் போகும்போது ஒடிசாவின் பெர்ஹாம்பூரில் இறங்கி கோபால்பூர் பார்க்கலாம் என்று இருக்கிறோம். அம்மாவும் வருகிறார். அங்கே என்ன விசேஷம்?

உப்புக்காற்று: தாராளமாகப் போங்க. ஸ்டேஷனிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான். வெள்ளைக்காரர் காலத்தில் இங்கிருந்து ரங்கூனுக்குக் கப்பல் ஓடியது. நாகப்பட்டினத்திலிருந்து நம்மவர்கள் போன அதே பர்மாவுக்கு, கஞ்சம் மாவட்டத்துக் கூலித் தொழிலாளர்கள் இங்கேதான் கப்பல் ஏறினார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பான் கைக்குப் போனது. அந்தப் போக்குவரத்தும் நின்றது. அப்புறம் விடுமுறை பங்களாக்களும் ஓட்டல்களும்தான் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தன. இன்று பல பங்களாக்கள் பாழடைந்து கிடக்கின்றன, பார்க்கவே மனசு கனக்கிறது. பழைய ஜெட்டியின், அதாவது கப்பல் ஏறும் மேடையின், தூண்களைத் தவறவிடாதீங்க. எனக்கு ஊரிலேயே முக்கியமான இடம் அதுதான்.

வழிப்போக்கன்: கடலில் குளிக்கலாமா?

கரைமீன்: கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அலை முரட்டுத்தனமானது. 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் கரையேறியது இந்த ஊர் அருகில்தான்.

உப்புக்காற்று: பிப்ரவரி, மார்ச்சில் போனால் பக்கத்து ருஷிகுல்யா ஆற்றின் முகத்துவாரத்தில் ஆமைகள் கூட்டமாக முட்டையிட வரும். வனத்துறையிடம் முதலில் விசாரியுங்கள்; எல்லா வருடமும் வருவதில்லை. டார்ச் அடிக்காதீங்க, ஆமைகள் மிரண்டுவிடும்.