1914-டி பென்னி: அசல்தானா, எந்தத் தரம்? பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். இங்கே ஒஹையோவில் எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா, வீடு மாறிப் போகும்போது ஒரு ஜாடி நிறையப் பழைய லிங்கன் பென்னிகளை (லிங்கன் தலை உள்ள அமெரிக்க ஒரு சென்ட் காசுகள்) என் மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பெரும்பாலானவை பின்பக்கம் கோதுமைக் கதிர் உள்ள சாதாரணக் காசுகள். 1943-இன் எஃகு பென்னிகள் நாலு, காந்தத்தில் ஒட்டுகின்றன. அவற்றில் சந்தேகம் இல்லை.

என் தூக்கத்தைக் கெடுப்பது 1914-க்குக் கீழே டென்வர் நாணயச்சாலையைக் குறிக்கும் 'டி' முத்திரை உள்ள ஒன்றுதான். டென்வரில் அந்த வருடம் அடித்தது சுமார் 12 லட்சம்தான் என்பதால் போலிகள் அதிகம். 1944-டி காசில் முதல் 4-ஐச் சுரண்டி 1 ஆக்கிவிடுவார்கள். அப்படிச் செய்ததில் 9-க்கும் அடுத்த 1-க்கும் நடுவே இடைவெளி கூடுதலாக இருக்கும். லிங்கன் தோளடியில் வி.டி.பி. எழுத்துகளும் (காசை வடிவமைத்தவரின் பெயரின் முதலெழுத்துகள்) இருக்கும், அவை 1918-இல்தான் அந்த இடத்துக்கு வந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், இதில் இரண்டும் இல்லை. ஆனால் முத்திரையே இல்லாத பிலடெல்பியா காசில் 'டி'-யை ஒட்டியிருந்தால்? ஒட்டிய தடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்புறம் தரம். கதிர்களின் கோடுகள் தெரிகின்றன, நுனியில் மட்டும் மழுங்கல். லிங்கனின் கன்னமும் தாடையும் தட்டையாகிவிட்டன. இது ஃபைனா, வெரி ஃபைனா? நிறம் சீரான பழுப்பு. கழுவினால் மதிப்புப் போய்விடும் என்பதால் துடைக்கக்கூட இல்லை.

காசுகளைச் சோதித்துத் தரம் சொல்லும் நிறுவனத்துக்குச் சான்றுக்கு அனுப்பும் செலவு இதற்குத் தகுமா? விற்கும் எண்ணம் இல்லை. மகள் தினமும் கேட்கிறாள், அவளிடம் சரியான பதில் சொல்ல வேண்டும். இரு பக்கப் படங்களும் இணைத்திருக்கிறேன்.