கிட்டில் ஒரு ஃபோல்டரை மட்டும் செக்அவுட் செய்தேன், கமிட் செய்யாத (இன்னும் பதிவு செய்யாத) வேலை காணவில்லை. அவசரம்!

அந்திமழை:
கோடின் பதிப்புகளைக் காக்கும் கிட்டில், மெயின் கிளையிலிருந்து (முதன்மைப் பதிப்பு) ஒரு ஃபோல்டரை மட்டும் எடுக்க கிட் செக்அவுட் கொடுத்தேன். இரண்டு நாளாக எழுதியது போய்விட்டது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. கிட் வைத்திருக்கும் பழைய தடமான ரீஃப்ளாகிலும் இல்லை. நாளைக் காலை டெமோ. யாராவது சொல்லுங்கள்.

கொல்லிமலை:
என்ன கட்டளை கொடுத்தீர்கள், அப்படியே போடுங்கள். அதற்கு முன் கிட் ஆட் (அடுத்த கமிட்டுக்குச் சேர்ப்பது) செய்தீர்களா? எந்த எடிட்டர்? கோப்பு இன்னும் திறந்திருந்தால் மூடாதீர்கள், கன்ட்ரோல் இசட் அடித்துப் பாருங்கள்.

பனங்காடு:
விண்டோஸா? வரி முடிவுக் கோளாறாக இருக்கும். எனக்கும் வரி முடிவுகளைத் தானாக மாற்றும் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பால் எல்லாக் கோப்பும் மாறியதாகக் காட்டியது.

கட்டளைக்காரர்:
கையேட்டைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. கிளை மாறும்போதுதான் மாற்றங்கள் அழியாமல் கிட் தடுக்கும். பாதையைக் கொடுத்தால், அந்தக் கோப்பை மாற்று என்று நீங்களே சொன்னதாக எடுத்துக்கொள்ளும். ரீஃப்ளாகில் கமிட்டுகளின் தடம் மட்டும்தான் இருக்கும். அடிக்கடி கமிட் போடப் பழகுங்கள்.

அந்திமழை:
கிட் செக்அவுட் மெயின் -- எஸ்ஆர்சி/
லினக்ஸ், விஎஸ் கோட். கன்ட்ரோல் இசட் வேலை செய்யவில்லை, மூடித் திறந்துவிட்டேன். ஆட் நேற்று ஒரு தடவை செய்த ஞாபகம்.

கொல்லிமலை:
ஆட் செய்திருந்தால் நம்பிக்கை இருக்கிறது. அந்த நிமிடமே கோப்பின் உள்ளடக்கம் .கிட் உள்ளே போய்விடும். செக்அவுட் ஸ்டேஜை (ஆட் செய்தவை இருக்கும் இடம்) மாற்றினாலும் அந்தப் பழைய பிரதி உடனே அழியாது.

கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட் கொடுங்கள். தொடர்பற்றுக் கிடக்கும் பிரதிகள் .கிட்/லாஸ்ட்-ஃபவுண்ட்/அதர் என்ற ஃபோல்டரில் வந்து விழும். கோப்பின் பெயர் இருக்காது, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட 40 எழுத்து ஹாஷ்தான். நீங்கள் எழுதிய ஃபங்ஷன் பெயர் ஒன்றைக் கொடுத்து கிரெப் என்ற தேடல் கட்டளையில் தேடுங்கள். கிடைப்பது நேற்று ஆட் செய்த நிலைதான். அதற்குப் பிறகு எழுதியதற்கு விஎஸ் கோடில் எக்ஸ்ப்ளோரருக்குக் கீழே டைம்லைனைப் பாருங்கள், சேமித்தபோதெல்லாம் ஒரு பிரதி வைத்திருக்கும். மெயினில் இல்லாத புதுக் கோப்புகளை இந்தச் செக்அவுட் தொட்டிருக்காது.

பனங்காடு:
2019இல் கிட் 2.23 பதிப்பில் ரீஸ்டோர் கட்டளை வந்ததே, கிளை மாறவும் கோப்பை மாற்றவும் ஒரே செக்அவுட் என்ற இந்தக் குழப்பத்தால்தான். செக்அவுட்டையே மறந்துவிடலாம்.

கட்டளைக்காரர்:
ரீஸ்டோரும் கேட்காமல்தான் மேலெழுதும். தெரியாமல் பரிந்துரைக்க வேண்டாம்.

கொல்லிமலை:
உண்மை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ரீஸ்டோர் --சோர்ஸ்=மெயின் கொடுத்தால் வேலைக் கோப்பு மட்டும் மாறும், ஸ்டேஜில் உள்ளது தப்பும். செக்அவுட் இரண்டையும் மாற்றிவிடும்.

பனங்காடு:
அப்படியானால் ஒரு எச்சரிக்கை வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கட்டளைக்காரர்:
இதை நம்பி ஓடும் ஸ்கிரிப்ட்டுகள் எல்லாம் பாதியில் நிற்கும். கேட்டுச் செய்ய வேண்டுமென்றால் செக்அவுட்டில் -பி இருக்கிறதே, ஒவ்வொரு துண்டாகக் கேட்கும்.

நெய்தல்:
நான் எப்போதும் முதலில் கிட் ஸ்டாஷ் புஷ் -- எஸ்ஆர்சி/ கொடுத்து மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கிவிடுவேன். பார்க்க மட்டும் வேண்டுமென்றால் வொர்க்ட்ரீயில் மெயினைத் தனி ஃபோல்டரில் திறந்துகொள்வேன்.

பனங்காடு:
ஸ்கிரிப்டுக்காக மனிதர்கள் இரண்டு நாள் வேலையை இழக்க வேண்டுமா?

அந்திமழை:
ஆறு கோப்பில் நான்கு லாஸ்ட்-ஃபவுண்டில், ஒன்று டைம்லைனில் கிடைத்தது. கமிட் செய்துவிட்டேன். மிச்சம் ஒன்றை இப்போது எழுதுகிறேன். ரொம்ப நன்றி கொல்லிமலை அண்ணா.